டி சிக்கா: நடிகர் ஈட்டியதும் இயக்குநர் செலவழித்ததும்

1952 ஜனவரியில் இத்தாலியில் 'உம்பர்த்தோ டி' என்ற படம் வெளியானது. ஓய்வூதியம் போதாமல் வாடகைப் பாக்கியில் சிக்கிய முதியவர் ஒருவர், தன் நாயுடன் தெருவுக்கு வந்துவிடுகிற கதை. அரங்குகள் காலியாகவே கிடந்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில் 'பானே, அமோரே எ ஃபந்தாசியா' என்ற வேறொரு படம் வந்தது. மலைக் கிராமத்துக்கு மாற்றலாகி வரும் நடுவயதுக் காவல் அதிகாரி, அங்குள்ள ஏழைப் பெண் ஒருத்தியின் பின்னால் அசடு வழியத் திரிகிறார். நாடே திரண்டு வந்து பார்த்தது. முதல் படத்தை இயக்கியவரும் இரண்டாவது படத்தில் அந்த அதிகாரியாக நடித்தவரும் ஒருவரே: விட்டோரியோ டி சிக்கா.

இந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்துத்தான் டி சிக்காவைப் பற்றிய வழக்கமான தீர்ப்பு எழுதப்படுகிறது. 1946 முதல் 1952 வரை அவர் மேதை. அதற்கு முன்னால் பாட்டுப்பாடும் அழகன், அதற்குப் பின்னால் பணத்துக்காக முகத்தை விற்றவர் என்பது அந்தத் தீர்ப்பு. உலக சினிமா பேசுகிற நம் கூட்டங்களிலும் இதையே கேட்கிறோம். 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். அதை எடுத்தவர் 150க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்பதை ஓர் அடிக்குறிப்பாகக் கடந்துவிடுவோம். அந்த அடிக்குறிப்பில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் எண்ணம். நடிப்பு அவருடைய இயக்கத்தைக் கெடுத்ததா, காப்பாற்றியதா என்ற கேள்வியை முன்வைத்து அவருடைய தொழில் வாழ்க்கையை இங்கே ஆராய்கிறேன்.

பாடுகிற முகம்

டி சிக்கா 1901 ஜூலை 7 அன்று ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையிலுள்ள சோரா என்ற ஊரில் பிறந்தார். சிறு வயது நேப்பிள்ஸில் கழிந்தது. கடைசிவரை தன்னை அந்த ஊர்க்காரராகவே எண்ணினார். தந்தை உம்பர்த்தோ சொற்பச் சம்பள எழுத்தர். வீட்டில் வறுமை இருந்தது, ஆனால் அது வெளியே தெரியக்கூடாத வறுமை. சட்டை சலவை செய்யப்பட்டிருக்கும், பை காலியாக இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; அவர் செய்த எல்லாவற்றிலும் இந்த வீடு இருக்கிறது.

கணக்கியல் படித்தார். வங்கி வேலைக்குப் போயிருக்க வேண்டியவர், 1923இல் தத்தியானா பாவ்லோவாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அடுத்த பத்தாண்டுகள் மேடைதான்: நகைச்சுவை, பாட்டு, ஊர் ஊராகப் பயணம். 1932இல் மாரியோ கமெரினி இயக்கிய படம் ஒன்றில் மிலான் நகரத்துக் கார் ஓட்டுநராக நடித்து, 'பார்லாமி தமோரே மரியூ' என்ற பாட்டைப் பாடினார். அந்தப் பாட்டு இத்தாலியின் வீட்டுக்கு வீடு ஒலித்தது; இன்றும் பாடப்படுகிறது. ஒரே படத்தில் அவர் நட்சத்திரம் ஆகிவிட்டார்.

முப்பதுகளின் அந்த இலேசான படங்களை முசோலினி காலத்து இனிப்பு மிட்டாய் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் 1937இல் வந்த 'இல் சிஞோர் மாக்ஸ்' படத்தைக் கவனித்துப் பார்த்தவர் அப்படி ஒதுக்க மாட்டார். பத்திரிகை விற்கும் கடைக்கார இளைஞன் ஒருவன், பணக்காரக் கூட்டத்தில் தன்னை ஒரு பிரபுவாகக் காட்டிக்கொள்கிறான். சீட்டாட்டம் தெரிந்தவனாகவும் குதிரையேற்றம் தெரிந்தவனாகவும் பாவனை செய்கிறான். ஒவ்வொரு பாவனைக்கும் அவன் கண்ணில் ஒரு கணம் பயம் வந்து போகிறது. தன்னைவிட உயர்ந்த ஒருவனாக நடிக்கிற மனிதன் எங்கே வியர்ப்பான், எங்கே கையை மறைப்பான் என்பதை டி சிக்கா தன் உடம்பிலேயே பயின்றது இந்தப் படங்களில்தான். பின்னாளில் தொழிலாளிகளையும் முதியவர்களையும் அவர் இயக்கியபோது இந்தப் பயிற்சி அப்படியே பயன்பட்டது.

இதே கமெரினியின் படம் ஒன்றில், 1935இல், திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் செசாரே சவாட்டினி. பின்னர் டி சிக்காவின் பெரும் படங்களை எழுதிய அதே சவாட்டினி. அவர்களுடைய கூட்டுறவின் தொடக்கமும் இந்த 'இனிப்பு மிட்டாய்' காலத்தில்தான் இருக்கிறது.

கேமராவுக்குப் பின்னால்

1940இல் முதல் படத்தை இணைந்து இயக்கினார். தொடக்கப் படங்கள் இலகுவான நகைச்சுவைகள். அவற்றில் தானே நடித்தும் கொண்டார். திருப்பம் சவாட்டினியுடன் எழுதிய 'இ பம்பீனி சி குவார்தனோ' படத்தில் வந்தது. தாய் இன்னொருவரைத் தேடிப் போய்விட, பெற்றோரின் முறிவைச் சின்னஞ்சிறு பையன் ஒருவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் தாய் வந்து நிற்கும்போது அவன் அவளிடம் போகாமல் திரும்பி நடக்கிறான். அந்த முதுகைப் பார்த்த பிறகு டி சிக்காவை வெறும் பாட்டுக்காரர் என்று சொல்ல முடியாது.

அந்தப் படத்துக்குப் பின் ரோம் ஜெர்மானியர் கைக்குப் போனது. வடக்கே முசோலினியின் பொம்மை அரசு வெனிஸில் தொடங்கிய திரைத்துறைக்கு நடிகர்களும் இயக்குநர்களும் அழைக்கப்பட்டார்கள். டி சிக்கா போகவில்லை. வாட்டிகன் ஆதரவில் ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றார். லொரெட்டோவுக்கு யாத்திரை போகும் நோயாளிகளின் கதை அது. படப்பிடிப்பின் பெரும் பகுதி புனித பவுல் பேராலயத்துக்குள் நடந்தது. துணை நடிகர்கள் என்ற பெயரில், தேடப்பட்டவர்கள் பலர் அங்கே அடைக்கலம் பெற்றார்கள், யூதர்கள் உட்பட. நேசப்படை 1944 ஜூனில் ரோமுக்குள் நுழையும்வரை படப்பிடிப்பை இழுத்துக்கொண்டே போனார். நடிகனின் பாவனை உயிர்களைக் காக்கப் பயன்பட்ட காலம் அது.

பணம் எங்கிருந்து வந்தது

போர் முடிந்ததும் ரோம் தெருக்களில் அமெரிக்கச் சிப்பாய்களின் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் சிறுவர்களைப் பற்றி 'ஷூஷா' (1946) எடுத்தார். அமெரிக்காவில் அதற்குச் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது. இத்தாலியில் ஓடவில்லை. தங்கள் வறுமையைத் திரையிலும் பார்க்க மக்கள் விரும்பவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஆகவே, திருடப்பட்ட சைக்கிளைத் தேடி ஒரு நாள் முழுவதும் அலையும் தந்தை-மகன் கதையை எடுத்துக்கொண்டு போனபோது தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் பணம் தர முன்வந்தார். ஒரு நிபந்தனை: வேலையில்லாத அந்தச் சுவரொட்டித் தொழிலாளியாக கேரி கிராண்ட் நடிக்க வேண்டும். நட்சத்திரம்தான் வேண்டும் என்றால் ஹென்றி ஃபோண்டா பொருந்துவார் என்றார் டி சிக்கா. பேச்சு முறிந்தது. கடைசியில் இத்தாலியச் செல்வந்தர்கள் சிலரின் துணையுடன் தன் சொந்த நிறுவனத்திலேயே படத்தை எடுத்தார். அதுதான் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1948 நவம்பரில் அது ரோமில் வெளியானது.

இங்கே நின்று யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. தானே ஒரு பெரும் நட்சத்திரமாக இருந்தவர்தான் இன்னொரு நட்சத்திரத்தை மறுக்கிறார். பளபளப்பான முகம் ஓர் ஏழையின் கதையை என்ன செய்துவிடும் என்பது அவருக்கு யாரையும்விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த முகம் அவரிடமே இருந்தது. தன் படங்களில் வாங்கிய சம்பளம் இந்தத் துணிச்சலுக்குப் பின்பலமாக நின்றது. சம்பளத்தில் ஒரு பகுதி சூதாட்ட மேசைகளில் கரைந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. இரண்டு குடும்பங்களைத் தாங்கவும் அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. மனைவி ஜூதித்தா ரிசோனேயும் மகளும் ஒரு வீட்டில். ஸ்பானிய நடிகை மரியா மெர்காதேரும் இரு மகன்களும் இன்னொரு வீட்டில். இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் வந்ததே 1970இல்தான். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று 1968இல் பாரிஸில் மரியாவை முறைப்படி மணந்தார்.

கையைத் திருப்பும் கணம்

'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தின் நாயகன் லம்பெர்த்தோ மஜ்ஜொரானி, பிரேதா தொழிற்சாலையின் உலோகத் தொழிலாளி. சிறுவன் புரூனோவாக வந்த என்ஸோ ஸ்தயோலா, நடிப்பு என்றால் என்னவென்றே அறியாத பையன். 'உம்பர்த்தோ டி' படத்தின் முதியவர் கார்லோ பத்திஸ்தி, ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர். இவர்களை வைத்துப் படம் எடுத்ததால் 'அசல் வாழ்க்கை தானாகவே கேமராவுக்குள் வந்து விழுந்தது' என்பதுபோல் எழுதுகிறார்கள். அப்படி எதுவும் விழவில்லை. டி சிக்கா ஒவ்வொரு பாத்திரத்தையும் அவர்கள் முன்னால் தானே நடித்துக் காட்டுவார். கை அசைவு, தலைத் திருப்பம், பெருமூச்சு எல்லாம் அவர் உடம்பிலிருந்து அவர்கள் உடம்புக்குப் போனவை. கேட்ட பாவத்தைப் பிசகாமல் திருப்பித் தர ஒரு நடிகனால் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

சான்றுக்கு ஒரே ஒரு காட்சி போதும். உம்பர்த்தோ பிச்சை எடுத்தே ஆக வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார். தூணருகே நின்று கையை நீட்டிப் பார்க்கிறார். யாரும் இல்லாதபோது ஒத்திகைபோல் நீட்டுகிறார். ஒருவர் நெருங்கி வந்து காசு எடுக்கப் போகிறார். அந்த நொடியில் உம்பர்த்தோவின் உள்ளங்கை புரண்டு கவிழ்கிறது, மழை பெய்கிறதா என்று பார்ப்பவரைப்போல. வந்தவர் போய்விடுகிறார். பிறகு தன் தொப்பியை நாயின் வாயில் கொடுத்து, நாயைப் பிச்சை கேட்க வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார். தெரிந்தவர் ஒருவர் வந்து நிற்கவும், நாய் விளையாடுகிறது என்று சமாளிக்கிறார்.

இந்தக் கை திரும்புவதை ஒரு நடிகனைத் தவிர வேறு யாரால் யோசித்திருக்க முடியும்? மானத்தைக் காத்துக்கொள்ள ஏழை நடிக்கிறான். சலவைச் சட்டைக்குள் காலிப் பை வைத்திருந்த வீட்டில் பிறந்து, பிரபுவாக வேடம் போடும் பத்திரிகைக்காரனாக நடித்துப் புகழ்பெற்ற ஒருவர்தான் அந்த நடிப்பின் இலக்கணத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்திருக்க முடியும். 'பைசைக்கிள் தீவ்ஸ்' உணவகக் காட்சியிலும் இதுதான் நடக்கிறது. மகனை அடித்துவிட்ட குற்ற உணர்ச்சியில் தந்தை அவனைச் சாப்பிட அழைத்துப் போகிறான். பக்கத்து மேசையில் பணக்காரக் குடும்பம். இவனும் மது வரவழைத்து, நமக்கென்ன குறை என்பதுபோல் சிரிக்கிறான். சற்று நேரத்தில், வேலை நிலைத்திருந்தால் மாதம் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று மகனைக் கணக்குப் போடச் சொல்கிறான். பாவனை கலைந்து கணக்கு வெளியே வரும் அந்தக் கணத்துக்காகவே முழுக் காட்சியும் கட்டப்பட்டிருக்கிறது.

இந்த முறைக்கு ஒரு விலையும் இருந்தது; அதை மற்றவர்கள் கொடுத்தார்கள். படம் முடிந்ததும் மீண்டும் ஆலைக்கே போய்விட வேண்டும், சினிமாவை நம்பி இருக்கக்கூடாது என்று மஜ்ஜொரானியிடம் டி சிக்கா முன்பே உறுதி வாங்கியிருந்தார். தொழிலை அறிந்தவரின் அக்கறை அது. ஆனால் ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது, சினிமாவில் சம்பாதித்தவன்தானே என்று மஜ்ஜொரானியை வெளியே அனுப்பினார்கள். சிறு வேடங்களுக்காக அலைந்தார். பெரிதாக எதுவும் வரவில்லை. உலகமே கொண்டாடிய வேலையில்லாத் தொழிலாளி, அந்தப் படத்தாலேயே வேலையிழந்தார். சிறுவர்களை அழ வைக்க டி சிக்கா கையாண்ட வழிகளைப் பற்றியும் கேள்விகள் உண்டு. ஸ்தயோலாவின் சட்டைப் பையில் சிகரெட் துண்டுகளை ஒளித்துவைத்து, சிகரெட் துண்டு பொறுக்குகிறவன் என்று அவனைப் பழித்து அழ வைத்தேன் என்று டி சிக்காவே சொல்லிவந்தார். ஒரு குழந்தையை அவமானப்படுத்திப் பெற்ற கண்ணீர் அது. காட்சி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

கதவு மூடியது யாரால்

'உம்பர்த்தோ டி' படத்தைத் தன் தந்தைக்குச் சமர்ப்பித்தார். படத்தின் பெயரும் தந்தையின் பெயரே. அவருடைய படங்களில் அவருக்கு மிகப் பிடித்தது அதுதான். அதைத்தான் அரசாங்கம் தாக்கியது. அன்று திரைத்துறைக்குப் பொறுப்பான துணைச் செயலர் ஜூலியோ ஆந்திரெயோத்தி, பின்னாளில் ஏழு முறை பிரதமர் ஆனவர். இத்தாலி இதுதான் என்று உலகம் நம்பினால் டி சிக்கா தாய்நாட்டுக்குத் தீங்கு செய்தவர் ஆவார் என்ற பொருளில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அது வெறும் கருத்து அல்ல. 1949இல் அவர் கொண்டுவந்த சட்டப்படி அரசுக் கடன் பெறத் திரைக்கதையை முன்கூட்டியே காட்ட வேண்டும். நாட்டின் பெயரைக் கெடுப்பதாகக் கருதும் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி மறுக்கவும் வழி இருந்தது. கடிதத்தைப் படித்த ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் செய்தி புரிந்திருக்கும்.

டி சிக்கா விலைபோனார் என்று சொல்பவர்கள் இந்தக் கதவு மூடிய சத்தத்தைக் கேட்பதில்லை. அடுத்து அவர் எடுத்த 'ஸ்தாஸியோனே தெர்மினி' (1953) மீண்டும் செல்ஸ்னிக்கின் பணத்தில், ஜெனிஃபர் ஜோன்ஸ், மான்ட்கோமரி கிளிஃப்ட் என்ற நட்சத்திரங்களுடன். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் படத்தைச் செல்ஸ்னிக் அமெரிக்காவுக்காக 64 நிமிடமாக வெட்டினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் மறுத்த பேரத்துக்கு ஒப்புக்கொள்ள நேர்ந்ததன் விளைவு அது.

இதே காலத்தில் அவருடைய படங்கள் வேறு இடங்களில் வேர்விட்டன. 1950இல் லண்டனில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்த சத்யஜித் ராய், தன் முதல் படத்தை எப்படி எடுப்பது என்று முடிவு செய்துகொண்டே அரங்கிலிருந்து வெளியே வந்தார். 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, டெல்லி, கல்கத்தா, சென்னைக்கும் போனபோது டி சிக்காவின் படங்களும் அதில் இருந்தன. இத்தாலியில் அரங்கு காலியான ஆண்டும் அதுவே.

அதிகாரியும் பிரபுவும் போலித் தளபதியும்

1953க்குப் பிறகு அவர் நடித்ததெல்லாம் உயர்ந்தவை என்று வாதாட வரவில்லை. பல படங்கள் மறந்துபோகத் தக்கவை. ஆனால் லூயிஜி கொமென்சினியின் 'பானே, அமோரே எ ஃபந்தாசியா'வில் அந்தக் காவல் அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். சீருடையை நீவிவிட்டு, நரைத்த தலையைக் கண்ணாடியில் சரிபார்த்துவிட்டு ஜினா லொலொப்ரிஜிதாவின் முன்னால் நிற்கிறார். தன் வயதை மறைக்கும் பாவனை, மறைக்க முடியாத தனிமை. மாக்ஸ் ஓஃபுல்ஸின் 'மாதாம் தெ' படத்தில், அதே 1953இல், காதலில் தோற்கும் பிரபுவாக அவர் காட்டிய கண்ணியத்தை எந்த நடிகரும் பொறாமையுடன் பார்ப்பார்.

அதற்கடுத்த ஆண்டு அவரே இயக்கிய 'லோரோ தி நாப்போலி'யில் ஒரு சிறுகதை அளவு பகுதி உண்டு. சூதாடி எல்லாம் இழந்த பிரபு ஒருவர். மனைவி பணத்தைக் கண்ணில் காட்டுவதில்லை. அடுக்குமாடிக் காவலாளியின் எட்டு வயது மகனைக் கட்டாயப்படுத்தி இழுத்து உட்காரவைத்துச் சீட்டாடுகிறார். பையனுக்கு விருப்பமே இல்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயிக்கிறான். பிரபு கொதிக்கிறார், அதிர்ஷ்டத்தைத் திட்டுகிறார், இன்னோர் ஆட்டம் என்று கெஞ்சுகிறார். அந்தப் பிரபுவாக நடித்தவர் டி சிக்கா. தன் வாழ்நாள் பலவீனத்தை எடுத்துத் தன் கேமராவின் முன்னால் தானே வைத்தார். எதிரே, அவருடைய மகத்தான படங்களில் எல்லாம் இருப்பதுபோல, பெரியவர்களைச் சலிப்போடு பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுவன். நடிகர் டி சிக்காவும் இயக்குநர் டி சிக்காவும் இரு வேறு ஆட்கள் என்று இன்னும் நினைப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

1959இல் இயக்குநர் ரொபெர்த்தோ ரொசெலினி அவரை 'ஜெனரல் தெல்லா ரோவெரே' படத்தின் நாயகனாக்கினார். கைதானவர்களின் குடும்பங்களிடம் விடுதலை வாங்கித் தருவதாகப் பணம் பறித்துச் சூதாடும் மோசடிக்காரன் ஜெர்மானியரிடம் சிக்குகிறான். எதிர்ப்பியக்கத் தளபதியாக நடித்துச் சிறையில் உளவு சொல்ல வேண்டும் என்பது பேரம். நடிக்க நடிக்க அந்த வேடம் அவனை விழுங்குகிறது. கடைசியில் உளவு சொல்லாமல், தளபதியாகவே மற்றவர்களுடன் சுடப்பட்டுச் சாகிறான். அந்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருதை இப்படம் இன்னொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. 1937இல் பிரபு வேடம் போட்ட பத்திரிகைக்காரன் வளர்ந்து முதிர்ந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறான்.

லோரனும் கடைசி ஆண்டுகளும்

நடிகை சோஃபியா லோரன் நேப்பிள்ஸை அடுத்த பொட்ஸ்வோலியில் வளர்ந்தவர். அவரிடம் டி சிக்கா கண்டது தன் ஊரின் உடல்மொழியை. 'லா சொசாரா'வில் (1960), போரில் மகளுடன் சேர்ந்து சிதைக்கப்படும் தாயாக, இருபதுகளின் நடுவில் இருந்த அழகியை நடிக்கவைத்தார். ஆங்கிலமல்லாத மொழியில் நடித்துச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்ற முதல் ஆள் லோரன்தான். தொழில்முறை நடிகர்களிடமும் டி சிக்கா கையாண்டது அதே முறை: தானே நடித்துக் காட்டுவது. தொழிலாளியிடமும் பேராசிரியரிடமும் வேலை செய்த அது நட்சத்திரத்திடமும் வேலை செய்தது. 1963இன் 'இயேரி, ஓஜ்ஜி, தொமானி'க்கு வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வந்தது. நடுவே பல படங்கள் வலுவற்றவை. அவற்றின்மேல் நேரம் செலவிடத் தேவையில்லை.

1970இல் 'இல் ஜார்தீனோ தெய் ஃபின்சி-கொன்தீனி' வந்தது. ஃபெராரா நகரத்து யூதச் செல்வந்தக் குடும்பம் ஒன்று தன் தோட்டத்துச் சுவர்களுக்குள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்க, வெளியே யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் இறுகுகின்றன. எதுவும் நடக்கவில்லை என்பதுபோல் வாழும் அந்தப் பாவனையை அவரைவிடப் பொருத்தமாக யார் எடுத்திருக்க முடியும்? பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது, மீண்டும் ஆஸ்கர்.

1973இல் சவாட்டினி எழுத, 'ஊனா பிரேவே வகான்சா' எடுத்தார். மிலான் ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்குக் காசநோய். மலைச் சிகிச்சையகத்துக்கு அனுப்பப்படுகிறாள். குடும்பத்தின் சுமையிலிருந்து விலகி வாழ்நாளில் முதல் முறையாக ஓய்வு என்றால் என்னவென்று அறிகிறாள். குணமாகிவிட்டாய் என்று சொல்லி ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். 72 வயதிலும் அவர் கேமரா தொழிலாளியின் முகத்தைத்தான் தேடிப் போயிருக்கிறது. அதற்கடுத்த ஆண்டு டிராகுலா படம் ஒன்றில், பணம் கரைந்துபோன மார்க்கீஸாக, மகள்களுக்கு நல்ல வரன் தேடும் பிரபுவாக நடித்தார். அதே ஆண்டு லோரனையும் ரிச்சர்ட் பர்ட்டனையும் வைத்துத் தன் கடைசிப் படத்தை இயக்கினார். 1974 நவம்பர் 13 அன்று பாரிஸை அடுத்த நூயியில் இறந்தார். அந்த டிசம்பரில் வெளிவந்த எத்தோரே ஸ்கோலாவின் படம் அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டது. அதில் டி சிக்கா டி சிக்காவாகவே தோன்றி, சிகரெட் துண்டுகளின் கதையைக் கூடியிருப்பவர்களுக்குச் சொல்கிறார்.